நிறம் மாறாத தாள்

அன்று திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்குக் கரட்டடித் தோட்டத்தின் வாசலில் வரிசையில் நின்ற பெண்களில் கடைசி ஆள் செல்லக்கிளி. அழகுமணி நீட்டிய சோதனைத் தாளை வாங்கி நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். முப்பது எண்ணி முடிந்ததும் எடுத்துக் கொடுத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

அழகுமணி இன்னொரு தாளைப் பிரித்துக் கொடுத்தாள். அதுவும் வெள்ளை.

“யக்கா, காலையில என்ன சாப்பிட்ட?”

“வரக்காப்பிதேன்.”

“மாத்திரை ஏதும் போட்டியா?”

செல்லக்கிளி கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “பல்லு வீங்கிப்போச்சு அழகு. மெடிக்கல்ல அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்தாக. போட்டேன்.”

அழகுமணிக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரி மாத்திரை போட்டால் கவசம் செத்துப்போகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

கவசம் என்பது மோர். தினமும் மதியம் தோட்டத்தில் ஆளுக்கொரு பாக்கெட் கொடுப்பார்கள். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர் வாயிலும் தொண்டையிலும் குடலிலும் குடியேறிக்கொள்ளும். திராட்சைக்கு அடிக்கிற பூச்சிமருந்து உடம்புக்குள் போனால், ரத்தத்தில் கலக்கும் முன்பே அதை உடைத்துப்போடும். தாள் பச்சையானால் அந்த நுண்ணுயிர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையானால் இல்லை. வெள்ளை வந்தவர்கள் பதினான்கு நாள் திராட்சைப் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. வாரா வாரம் நூற்று நாற்பது பெண்களின் நாக்கைப் பார்த்து, தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புவதுதான் அழகுமணியின் வேலை.

“பதினாலு நாள் வீட்டுல இருந்துக்கக்கா. மோரை விடாமக் குடி. திரும்பப் பச்சை வந்துரும்.”

“பதினாலு நாள்ல எம்பேரை எடுத்துட்டு வேன்ல வர்ற ஆளைப் போட்டுருவாக.” செல்லக்கிளி குரலை உயர்த்தவில்லை. “பேரு போனா வீட்டுச் சாவியைக் கேப்பாக. இனியாவைக் கூட்டிக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?”

அவள் குடியிருந்தது தோட்டத்துக்குச் சொந்தமான வீடு. வேலிக்கு வெளியே, முதல் பந்தலிலிருந்து இருபதடி. புருஷன் திருப்பூருக்குப் போய் நான்கு வருஷமாகிறது. போன் நம்பரும் மாறிவிட்டது. மகள் இனியாவுக்கு ஏழு வயது.

“அழகு, அஞ்சாறு நாள்தேன். மாத்திரை முடிஞ்சிருச்சு. மோரைக் குடிச்சா தன்னால வந்துரும்ல?”

அழகுமணி சுற்றிலும் பார்த்தாள். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அவள் மூன்றாவது தாளைப் பிரித்துத் தன் நாக்குக்கடியில் வைத்துக்கொண்டாள். முப்பது எண்ணவே தேவைப்படவில்லை. பதினைந்திலேயே இளம்பச்சை ஏறி, இருபதில் வேப்பிலை நிறமாயிற்று. அதைச் செல்லக்கிளியின் பெயருக்கு நேராக வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள்.

“மூஞ்சியில துணியக் கட்டிக்கக்கா,” என்றாள்.

“நான் மட்டும் கட்டுனா ஏன்னு கேப்பாகளே,” என்றபடி செல்லக்கிளி உள்ளே போனாள்.

அவள் சொன்னதும் சரிதான். மூன்று வருஷத்துக்கு முன்பு எல்லோரும் முகத்தில் மாஸ்க் கட்டினார்கள். கை முழுக்க உறை போட்டார்கள். மருந்து அடித்தால் மூன்று நாள் யாரும் பந்தலுக்குள் போகக் கூடாது என்ற விதி இருந்தது. அப்படியும் மாதம் ஒருவராவது மயங்கி விழுவார்கள். கவசம் வந்த முதல் வருஷம் ஒருவர்கூட விழவில்லை. பெண்கள் அதைக் கொடுத்த டாக்டரம்மாவைக் கும்பிட்டார்கள். இரண்டாம் வருஷம், மாஸ்க் போட்டால் வேலை மந்தமாகிறது என்று மேனேஜர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, வெயிலில் அது பெரிய இம்சை. பிறகு மூன்று நாள் ஒரு நாளாயிற்று. ஒரு நாள், ஒரு மணி நேரமாயிற்று. இந்த வருஷம் காயில் புதிதாக ஒரு பூச்சி விழுந்ததால் மருந்தின் அளவையும் இரட்டிப்பாக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்னதாக வந்ததால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பந்தலுக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. அழகுமணி ஓடியபோது செல்லக்கிளி கொத்தில் அதிகப்படிக் காயைக் கழிக்கிற கத்திரியைக் கையில் பிடித்தபடி மண்ணில் கிடந்தாள். சேலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்மணி இரண்டும் கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தன. தொடைத் தசை தானாகத் துடித்தது.

தோட்டத்து ஜீப்பில் அவளை மடியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நாற்பது நிமிஷமும் அழகுமணி அவள் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் ரத்தமும் எச்சிலும் எடுத்து வைத்தார். “தோட்டமா? கவசம் குடிக்கிறவங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. ஊசியைப் போட்டுவிட்டு, மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அழகுமணி இனியாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. “அம்மா நாளைக்கு வந்துருமா அத்தை?”

“வந்துரும்,” என்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் செலின் பர்னாந்து வந்தார். கவசத்தைக் கண்டுபிடித்தவர். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண்மணி, தூத்துக்குடிக்காரர். முன்பு பயிற்சி கொடுக்க வந்தபோது வரிசையில் எல்லோர் பேரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர். இந்த முறை யாரோடும் பேசாமல் தோட்டத்து ஆபீசின் பின்னறையில் தன் பெட்டிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு அழகுமணியைப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் எதற்கு வந்திருக்கிறார் என்று பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூத்தவளான ஒச்சம்மா அழகுமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தம்மா என்ன சொல்லுது?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல மதினி.”

“கவசம் தோத்துப்போச்சுன்னு எழுதுனா நல்லதுடி.” ஒச்சம்மா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். “எழுதட்டும். பழையபடி மாஸ்க்கு வரும். மூணு நாள் கழிச்சு உள்ள போற வழக்கம் வரும். செல்லக்கிளி பட்ட பாட்டுக்கு அதாவது நடக்கட்டும்.”

அழகுமணி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். நான்கு நாளாக நெஞ்சில் உருட்டிக்கொண்டிருந்த கல் சட்டென்று வேறு பக்கம் புரண்டது போலிருந்தது. உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். அதை அவள் எப்போதோ எண்ணிப் பார்த்துவிட்டாள். ஆனால் சொன்னால் கவசத்தின் மேல் குற்றமில்லை என்றாகிவிடும். தோட்டம் இப்படியே ஓடும். சொல்லாமல் இருந்தால் நூற்று நாற்பது பேருக்கு மாஸ்க் திரும்பக் கிடைக்கும். சொல்லாமல் இருப்பதுதான் புண்ணியம் என்று அவளுக்குள் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் இதமாக இருந்தது. அதனாலேயே அதை நம்பவும் பயமாக இருந்தது.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். மேஜைமேல் பெண்களின் எச்சில் தடவிய வட்டக் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளிகள். ஒன்றில் மட்டும் எதுவுமே இல்லை.

“இது செல்லக்கிளியம்மாவோடது. ஆஸ்பத்திரியில சேர்த்த உடனே எடுத்தது,” என்றார். “ஒண்ணுகூட இல்ல. திங்கள்கிழமை தாள் நல்ல பச்சை. நீங்கதானே எடுத்தீங்க?”

“ஆமா டாக்டர்.”

“மூணு நாளைக்குள்ள மொத்தமும் காணாமப் போயிருக்கு. அப்படிப் போகவே கூடாது.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குச் சொன்னேனா?”

“நுண்ணுயிர் மருந்தை உடைக்கும்னு சொன்னீங்க.”

“உடைக்கிறது நுண்ணுயிர் இல்லம்மா. அதுக்கு மேல நிக்கிற ஒரு புரதம். அது உள்ள இருந்தா பிரயோசனம் இல்ல, மருந்து அதுகிட்ட வராது. வெளிய விட்டா எச்சிலோட அடிச்சுக்கிட்டுப் போயிரும். தோல்மேலயே நிக்கணும், ஆனா போகக் கூடாது. நுண்ணுயிரோட தோல்ல அதுக்குன்னே சொந்தமா ஒரு புரதம் புதைஞ்சு நிக்குது. அதை நங்கூரமா வச்சு, இதை அதோட வால்ல கட்டிவிட்டோம். எங்க அப்பா தோணியில போனவங்க. நங்கூரம் பிடிக்கலைன்னா தோணி எம்புட்டுப் பெருசா இருந்து என்னன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பிடிப்புக்கு மட்டும் பதினோரு வருஷம் ஆச்சு.”

அந்த வெற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“படிச்சு முடிச்ச புதுசுல நான் ஒரு வார்டுல ரத்த மாதிரி எடுக்கப் போவேன். பருத்திக்கு மருந்து அடிக்கிறவங்க வார்டு. ஒரே பெட்டுல ரெண்டு பேரு கிடப்பாங்க. இப்ப அந்த வார்டுல அந்தக் கேஸே வர்றதில்ல. பருத்திக் காட்டுல மாஸ்க்கும் போடுறாங்க, இதையும் குடிக்கிறாங்க. ரெண்டும் சேர்ந்து காப்பாத்துது. நாளைக்கு நான் அறிக்கை குடுக்கணும். தாள் பச்சையா இருந்தாலும் நம்ப முடியாதுன்னா எல்லா ஊர்லயும் நிறுத்தச் சொல்லித்தான் எழுதணும். அவங்களுக்கும் நின்னுபோகும்.”

“அவங்களுக்குமா?”

“எல்லாருக்கும்.”

வெளியே டிராக்டரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. அழகுமணி ஒரு வெற்றுத் தாளை எடுத்து விரலில் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“டாக்டர், அந்தத் தாளு செல்லக்கிளியக்கா தாளு இல்ல.”

செலின் நிமிர்ந்தார்.

“அது என்னோட எச்சி. அவங்களுக்கு ரெண்டு தடவையும் வெள்ளை வந்துச்சு. பேரு போயிரும்னு சொன்னாக. நான்தேன் என் வாயில வச்சுப் படம் எடுத்து அனுப்புனேன்.”

டாக்டர் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார். எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்தபடி நின்றார். திட்டினால் தேவலை என்று அழகுமணிக்குத் தோன்றியது.

“அவங்க செத்திருந்தா?” என்று கேட்டார், திரும்பாமலே.

அழகுமணி கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தாள்.

“என் வேலை தப்பாப் போகலைன்னு நான் இப்ப சந்தோஷப்படணும். முடியல.” திரும்பி வந்து உட்கார்ந்தார். “சரி. நடந்ததைச் சொல்லுங்க. எத்தனை நாள் உள்ள இருந்தாங்க?”

“திங்கள்ல இருந்து வியாழன் காலை வரைக்கும்.”

“மாஸ்க்?”

“யாருமே போடுறதில்ல டாக்டர்.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “மருந்து அடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு உள்ள போவீங்க?”

“ஒம்பது மணிக்கு அடிச்சு முடிப்பாக. பத்து மணிக்குப் போவோம்.”

“நான் எழுதிக் குடுத்தது மூணு நாள்.”

“முன்னாடி அப்படித்தேன் இருந்துச்சு. கவசம் இருக்குல்லன்னு குறைச்சுட்டாக. இப்ப மருந்தும் டபுளு.”

செலின் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் அழகுமணி இதுவரை பார்க்காத ஒரு களைப்பு வந்திருந்தது. பேசத் தொடங்கியபோது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலத்தான் பேசினார்.

“நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். கவசம் ஏன் தோத்துச்சுன்னு. அது தோக்கல. கவசம் இல்லாத ஒரு மனுஷி அந்தப் பந்தலுக்கடியில நாலு நாள்கூட நிக்க முடியலங்கிறதுதான் விஷயம். மத்தவங்க தாக்குப் பிடிக்கிறதால அந்தக் காத்துல என்ன இருக்குன்னு இவ்வளவு நாளாத் தெரியல.” சட்டென்று நிமிர்ந்தார். “வேலிக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?”

“எங்க தெரு டாக்டர். முப்பத்தி ரெண்டு வீடு. அங்கன்வாடி இருக்கு.”

“அவங்க யாரும் இதைக் குடிக்கிறதில்ல.”

“இல்ல. வேலை பாக்குறவுகளுக்கு மட்டுந்தேன்.”

மறுநாள் காலை இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். குழாயை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. செல்லக்கிளியின் குரல் மணலில் தேய்ப்பது போல வந்தது. கைகள் போர்வைமேல் கிடந்து நடுங்கின. அழகுமணியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “பாப்பா சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா. பள்ளிக்கூடம் போயிருக்கா.” அழகுமணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “யக்கா, நான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். தாளை மாத்துனதை.”

செல்லக்கிளி கண்ணை மூடினாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தாள் அழகுமணி. மூடிய கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“நானும் உங்கிட்டப் பொய்தேன் சொன்னேன் அழகு. எனக்குப் பல்லு வலியே இல்ல.”

“அப்ப மாத்திரை?”

“எந்த மாத்திரையும் போடல. மோரையே நான் குடிக்கல.”

செலின் ஸ்டூலை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தார். “ஏன்மா?”

மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் சொன்னாள். மருந்தை இரட்டிப்பாக்கிய பிறகு, அடிக்கிற நாளில் இனியாவுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். கண் மங்கலாகத் தெரிகிறது என்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை நடிக்கிறாள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் குடல்பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். செல்லக்கிளிக்கு அந்த அறிகுறிகள் தெரியும். பழைய நாளில் பந்தலுக்கடியில் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறாள். ஒரு நாள் தன் மோரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிள்ளைக்குக் கொஞ்சம் தேவலையாயிற்று. மறுநாளிலிருந்து முழுசையும் கொண்டுபோனாள். ஒரு வாரத்தில் இனியா எழுந்து விளையாடினாள்.

“ரெண்டு பாக்கெட்டு கேட்டா குடுப்பாகளா? எண்ணித்தேன் தர்றாக. அவ சின்ன உடம்பு, நான் தாங்கிருவேன்னு நெனச்சேன்.” வறண்ட உதட்டை நக்கிக்கொண்டாள். “பிள்ளைக்கு அது குடுக்கக் கூடாதா டாக்டர்? கெடுதலா?”

“பிள்ளைகளுக்கு நாங்க சோதிச்சுப் பாக்கலம்மா,” என்றார் செலின். செல்லக்கிளியின் நடுங்குகிற கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

அறிக்கை பதினாறு பக்கம் இருந்தது. அதைச் செலின் தெருப் பெண்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். கவசம் குறையில்லாமல் வேலை செய்கிறது; விழுந்தவர் உடம்பில் அது இல்லை; இல்லாத ஒருவர் நான்கு நாளில் சாகிற நிலைக்குப் போகுமளவுக்கு அந்தக் காற்றில் மருந்து இருக்கிறது; வேலிக்கு வெளியே இருக்கிற பிள்ளைகளையும் அது எட்டுகிறது; மருந்தின் அளவைக் குறைத்து, மாஸ்க்கையும் மூன்று நாள் இடைவெளியையும் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். நகல்கள் கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயின. பெண்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

அழகுமணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். மேனேஜர் ஜெகதீசன் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“நீங்க உண்மையைச் சொன்னதுக்கு நன்றிங்க. இல்லைன்னா கம்பெனி பேரு கெட்டிருக்கும். ஆனா நீங்க செஞ்சது பெரிய தப்பு.”

“தெரியும் சார். மாஸ்க்கு எப்ப வருது?”

“டாக்டரம்மா சொன்னதை முழுசா ஏத்துக்கிட்டோம். கவசம் இல்லாதவங்களுக்குத்தான் ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.” அவர் நிஜமாகவே நல்ல செய்தி சொல்கிறவர் போல முன்னால் சாய்ந்தார். “இனிமே தெருவுல எல்லாருக்கும் கவசம். பிள்ளைகளுக்கும். இலவசமா.”

அழகுமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்தத் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

செலின் அதற்குக் கையெழுத்துப் போட மறுத்தார். கவசத்தின் உரிமையைப் பல்கலைக்கழகம் எப்போதோ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், வேறொரு டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதைச் செலின் போனில்தான் சொன்னார். “நான் கட்டினதை அவிழ்க்க எனக்கே உரிமை இல்லம்மா,” என்றார்.

கலெக்டர் ஆபீசில் விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து.

செல்லக்கிளி வீட்டுக்கு வந்தாள். ஊர் பேச்சுக்குப் பயந்து யாரும் சாவியைக் கேட்கவில்லை. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் குடிக்க முடிந்தது. அழகுமணி தினமும் போய்ச் சமைத்து வைத்தாள். இருவரும் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மட்டும் செல்லக்கிளி கேட்டாள்.

“அந்தம்மா எழுதுனதுல என்னையப் பத்தி எப்படி இருந்துச்சு? திரும்பச் சொல்லு.”

“கவசம் இல்லாத ஆளு உள்ள நின்னா உசுருக்கு ஆபத்துன்னு இருந்துச்சுக்கா.”

“போலீசுக்கும் அந்தக் காகிதம் போயிருக்கா?”

“போயிருக்கு.”

செல்லக்கிளி தலையாட்டிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள்.

மோர்ப் பெட்டி தெருவுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அழகுமணியின் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அங்கன்வாடி வாசலில் பெட்டியை இறக்கி, பெயர் படித்தாள். தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் நின்றார்கள். ஒச்சம்மா தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அழகுமணியின் கண்ணைப் பார்க்காமல், “வேற என்னடி செய்யச் சொல்ற,” என்றாள்.

இனியாவின் பெயர் வந்தபோது செல்லக்கிளி காலை இழுத்தபடி முன்னால் போனாள். பாக்கெட்டை வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்து மகளிடம் கொடுத்தாள். கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உங்களுக்கும் ஒண்ணு இருக்குக்கா,” என்று புதுப்பெண் நீட்டினாள்.

“எனக்கு வேண்டாம்.”

“எல்லாருக்கும் உண்டுக்கா. சும்மாதான் தர்றாங்க.”

“எனக்கு வேண்டாம்னு எழுதிக்க. செல்லக்கிளி வாங்கலைன்னு எழுதிக்க. நேரத்தையும் போட்டுக்க.”

இனியாவை அங்கன்வாடி டீச்சரிடம் விட்டுவிட்டு அவள் நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல, தோட்டத்து வாசல் பக்கம். அழகுமணி பின்னாலேயே போனாள். மருந்துத் தொட்டியைப் பூட்டிய டிராக்டர் அப்போதுதான் வாசலைத் தாண்டி முதல் பந்தலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி வண்டித்தடத்தின் நடுவில் போய், ஒரு கையை மண்ணில் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தாள்.

டிராக்டர் நின்றது. ஓட்டுகிற பால்ச்சாமி எட்டிப் பார்த்தார். “ஏத்தா, எந்திரி. மருந்து அடிக்கணும்.”

“அடிங்கண்ணே. நான் உள்ளதேன் இருப்பேன்.”

“உனக்கு உடம்புல அது இல்லைன்னாக. செத்துப்போவ.”

“ஆமா. சாவேன்னு டாக்டரு எழுதிக் குடுத்திருக்கு. போலீசுலயும் அந்தக் காகிதம் இருக்கு. மேனேஜரும் படிச்சிருக்காரு. நீங்களும் இப்பத் தெரிஞ்சுக்கிட்டீக.” அவள் நடுங்குகிற கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள். “தெரிஞ்சுக்கிட்டு அடிக்கிறதுன்னா அடிங்க.”

பால்ச்சாமி போனை எடுத்தார். இரண்டு வார்த்தை பேசினார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் வரிசைக்கு வந்து நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அழகுமணி உள்ளே போய்ச் செல்லக்கிளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தரை ஈரமாக இருந்தது.

“நீ எதுக்கு வந்த?”

“வேலை போயி இருபத்தஞ்சு நாளாச்சுக்கா. நானும் மோர் குடிக்கல. எனக்கும் வெள்ளைதேன் வரும்.”

செல்லக்கிளி திரும்பி அவளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் முறையாக அவள் முகம் இளகியது. அழகுமணியின் முந்தானை நுனியை எடுத்துத் தன் கையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

பால்ச்சாமி இன்ஜினை அணைத்தார். திடீரென்று பந்தல் முழுக்க அமைதியானது. வெயில் ஏறிவிட்டால் அன்றைக்கு மருந்து அடிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

“எம்புட்டு நேரம் உக்காந்திருப்பீக?” என்று கேட்டார்.

“வெயில் ஏறுற வரைக்கும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் வருவோம்ணே,” என்றாள் செல்லக்கிளி.

அவர் தொட்டியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்று மருந்துக் குழாயின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.